என்ஜின் சூடு

அவனையா கேட்கிறீர்கள்? விமல்ராஜையா? முன்படியில் சிரித்த முகமாக நிற்பானே, அந்தக் கண்டக்டரையா? சார், நீங்கள் இந்த வண்டிக்குப் பழைய ஆள் போலிருக்கிறது. அதனால் கோபப்படாமல் சொல்கிறேன். அந்தப் பெயரை இந்த வண்டியில் எடுக்காதீர்கள். எடுத்தால் எனக்குக் கியரில் கை நிற்காது.

உட்காருங்கள். இந்த என்ஜின் பெட்டி மேலேயே உட்காருங்கள், சுடாது, புது வண்டி. திருச்சி போய்ச் சேரும்வரை எனக்கும் பேச்சுத்துணை ஆயிற்று. கேட்டுவிட்டீர்கள் அல்லவா? முழுசாகக் கேளுங்கள். பாதி கேட்டுவிட்டுப் போய் 'டிரைவர் அடைக்கலம் பொல்லாதவன்' என்று சொல்கிறவர்கள் இந்தப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அவனை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவன் நான். முதலாளியிடம் கை கட்டி நின்று, "நம்ம பையன், நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவன் நான். பத்தொன்பது வயசு. மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. பத்து வயசுப் பிள்ளையை அஞ்சு வயசு என்று சொல்லி ஏற்றுகிற அம்மாவை எப்படிக் கண்டுபிடிப்பது, பின்னால் வருகிற வண்டியை எந்த இடத்தில் முந்தவிடாமல் மறிப்பது, விடிகாலை ட்ரிப்பில் கண் செருகினால் என்ன செய்வது, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. என்ன செய்வதா? ஒரு சிகரெட் இழுப்பதுதான். முதலில் வேண்டாம் என்றான். இருமினான். "இழுடா, தூக்கம் ஓடிப்போகும்" என்று நான்தான் பற்ற வைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் என் பாக்கெட்டில் பாதி அவனுக்கு. பெற்ற பிள்ளைக்குக்கூட நான் அப்படிக் கொடுத்ததில்லை சார். கொடுத்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது. ஆனால் மறந்துவிட்டார்கள் என்றால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

எட்டு வருஷம் இப்படிப் போயிற்று. கல்யாணமும் ஆனது. கோகிலா என்று ஒரு பெண், ஆலடி விலக்கிலிருந்து உள்ளே போகிற ஊர். அந்தப் பெண்ணும் என்னை 'மாமா, மாமா' என்றுதான் கூப்பிடும்.

போன வருஷம் சித்திரை. திருச்சியில் வண்டியைப் போட்டுவிட்டு, ஷெட்டுக்குப் பின்னால் சுவர் ஓரமாக ஒதுங்கினோம். அவன் கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க பாருங்களேன்."

பார்த்தேன். மூத்திரம் ரோஸ்மில்க் நிறத்தில் போயிருக்கிறது.

"வலிக்குதா?"

"இல்லண்ணே."

"எரியுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமே இல்லண்ணே. கலர்தான் இப்படி."

"வலியும் இல்ல, எரிச்சலும் இல்ல, அப்புறம் என்னடா? வாடா, டீ குடிப்போம்."

சரியாகத்தானே சொன்னேன்? நோய் என்றால் வலிக்க வேண்டாமா? இது என்ஜின் சூடு சார். எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் தெரிந்தது. பழைய வண்டியில் இந்தப் பெட்டி மேலே ரொட்டி சுடலாம். அதன்மேல் நாள் முழுக்க உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறவனுக்கு உடம்பு கொதிக்காமல் என்ன செய்யும்? இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் டிரைவர் கண்டக்டருக்கு அது என்ஜின் சூடுதான். மூலம், கட்டி, கடுப்பு, எல்லாமே.

நான் வைத்தியம் சொன்னேன். இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் விளக்கெண்ணெய். தொப்புளில் கொஞ்சம். காலையில் நீராகாரம். மூன்றாம் நாள் வந்து, "அண்ணே, தெளிஞ்சிருச்சு" என்றான். நின்றுவிட்டதா இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

ஆடியில் மறுபடி வந்தது. மறுபடி விளக்கெண்ணெய். மறுபடி நின்றது. ஐப்பசியில் வந்தது. சூட்டுக்கு நுங்குதான் நல்லது, அதற்கு ஐப்பசியில் எங்கே போவது? வெந்தயத்தை ஊற வைத்துக் குடிக்கச் சொன்னேன். நின்றது. ஒவ்வொரு தடவையும் வந்தது, ஒவ்வொரு தடவையும் நான் நிறுத்தினேன். அதை இன்றைக்கு ஒருத்தரும் பேசுவதில்லை.

நடுவில் ஒரு தடவை எனக்குத் தெரியாமல் ஊரில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறான். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இந்த வயசுல வேற என்னய்யா இருக்கப் போகுது? பஸ்ல அடக்கி வெச்சிக்கிட்டே இருந்தா கிருமி வரத்தான் செய்யும். மாத்திரை தர்றேன், தண்ணி நல்லாக் குடி" என்றார். ஸ்கேன் இல்லை, ஒன்றும் இல்லை. படித்த டாக்டரே அப்படிச் சொல்லும்போது என்னை மட்டும் ஏன் திட்டுகிறார்கள்? அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

இருங்கள், இந்த லாரிக்காரன் வழி விட மாட்டேன் என்கிறான். போடா, போ. இவனெல்லாம் லைசென்ஸை எங்கே வாங்கினானோ.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? புது வண்டி. இந்த மாசியில் முதலாளி இந்த வண்டியை எடுத்தார். பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், குழந்தையைத் தூங்கவைக்கலாம். நான் அவனிடம் சொன்னேன், "உன் சனியன் இன்னியோட ஒழிஞ்சுதுடா" என்று. சொல்லி ஒரு வாரம் ஆகவில்லை. ஷெட்டுச் சுவரோரத்தில் நின்று, "அண்ணே" என்றான். பார்த்தால் இந்தத் தடவை ரோஸ்மில்க் இல்லை. கருஞ்சிவப்பு. கட்டி கட்டியாக.

அப்போதுதான் சார் எனக்குச் சந்தேகம் வந்தது. பெட்டியில் சூடு இல்லை. அப்படியானால் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? வாலிபப் பையன். சிரித்த முகம். காலேஜ் பெண்கள் எல்லாம் முன்படியில்தான் ஏறுகிறார்கள். நான் முட்டாள் இல்லை. கேட்டேன்.

"எங்கடா போயிட்டு வந்த?"

"எங்கண்ணே போனேன்?"

"போகக் கூடாத எடத்துக்கு."

முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவன் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. "அண்ணே, கோகிலா தலைமேல சத்தியமா..." என்றான். சத்தியம் பண்ணுகிறவனைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். இத்தனை வருஷம் பாஸ் இல்லாமல் ஏறி, பாஸ் இருக்கிறது என்று சத்தியம் பண்ணுகிற எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

நான் ஊரெல்லாம் தண்டோரா போட்டேன் என்கிறார்கள். பொய். டைம் கீப்பர் ஒருத்தரிடம் மட்டும் சொன்னேன். அதுவும் யோசனை கேட்பதற்காக. அவர் டீக்கடையில் சொன்னால் அதற்கு நானா பொறுப்பு?

அப்புறம் ஒரு நாள் கோகிலா ஆலடி விலக்கில் வண்டி ஏறியது. உங்களை மாதிரியே இதோ இந்த இடத்தில்தான் உட்கார்ந்தது. "நல்லா இருக்கீங்களா மாமா?" என்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. அறியாத பெண். இவனால் அதற்கும் தொற்றிக்கொண்டால் என்ன ஆவது? நல்லதுக்குத்தான் சொன்னேன்.

"ஏம்மா, உன் புருஷனைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப் படுக்கச் சொல்லு. ரத்தமாப் போவுது அவனுக்கு. எங்கயோ போயி வாங்கிட்டு வந்திருக்கான்."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் டிரைவர் குரல் சார். பழைய என்ஜினோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய குரல். புது என்ஜின் சத்தமே போடவில்லை. வண்டி முழுக்கக் கேட்டுவிட்டது. பின்படி வரைக்கும். அவன் நடுவில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். கிழித்த கை அப்படியே நின்றது.

அழும் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து நின்றது. "டிரைவரே, வண்டிய நிறுத்துங்க" என்றது. மாமா போய்விட்டது, பார்த்தீர்களா? அந்த நிமிஷமே டிரைவர் ஆகிவிட்டேன். நடு ரோட்டில் இரண்டு பேரும் இறங்கினார்கள். அவன் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றிப் பின்படிக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டான். அன்றைக்கு ஒற்றைக் கண்டக்டரோடு நான் திருச்சி போய்ச் சேர்ந்தேன். பின்னால் வந்தவன் முந்திவிட்டான். டைமிங் போயிற்று. அதைப் பற்றி யாராவது கேட்டார்களா?

அந்தப் பெண் அவனைத் தரதரவென்று திருச்சிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. எதற்கு? நான் சொன்னது பொய் என்று நிரூபிக்க. அந்த நோய்க்கு உண்டான ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அங்கே ஒரு டாக்டர். பெண். என் கடைசி மகளைவிடச் சின்னவளாக இருப்பாள். "அது இல்லைன்னா ரத்தம் எங்கேருந்து வருது?" என்று கேட்டு, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து ஸ்கேன் எடுத்திருக்கிறாள். மூத்திரப்பைக்கு உள்ளே, சுவரில், ஒரு சதை. சின்னக் காலிஃபிளவர் பூ மாதிரி.

விஷயம் கேள்விப்பட்டு நான் சும்மா இருப்பேனா? ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேமரா வைத்த ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்க்கப் போகிறார்களாம். எந்த வழியாக? அந்த வழியாகவே! கேட்டதும் எனக்கே கால் கூசியது. நான் சொன்னேன், "டேய், கையெழுத்துப் போட்டுறாத. வாலிபப் பையன், நாளைக்குப் பிள்ளை குட்டி வேணாமா? எழுந்து வா, போலாம்." கோகிலா என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தாள்.

"எத்தனை நாளா ரத்தம் போகுது?" என்று அவனைக் கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

"வரும், நிக்கும் டாக்டர். நான் நிறுத்திருவேன்."

"நீங்க நிறுத்திருவீங்களா?"

"ஆமா, சூடுதானே? போன சித்திரையிலேருந்து நாந்தானே பாக்குறேன்."

"போன சித்திரையா? ஒரு வருஷமாவா?" எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை மூடிவிட்டாள். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"அண்ணன் மாதிரி."

"டிரைவரு" என்றது கோகிலா. சுவரைப் பார்த்துக்கொண்டே.

அந்த டாக்டருக்குக் கோபம் வந்தாலும் குரல் உயரவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னாள். "வலியோட ரத்தம் போனா அது பெரும்பாலும் கல்லாவோ கிருமியாவோ இருக்கும். வலியே இல்லாம போனாத்தான் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. அது தானா வரும், தானா நிக்கும். நீங்க என்ன வெச்சாலும் நிக்கும், வெக்காட்டியும் நிக்கும். நின்னதால உள்ள இருக்கறது போயிடாது. வளர்ந்துக்கிட்டேதான் இருக்கும்."

"இருவத்தேழு வயசும்மா அவனுக்கு" என்றேன்.

"வயசானவங்களுக்குத்தான் அதிகம் வரும். சின்னவங்களுக்கு வரவே வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்கல. வராதுன்னு நினைச்சு யாரும் தேடறதில்ல, அதான் லேட்டாகுது." அப்புறம் அவன் பக்கம் திரும்பினாள். "சிகரெட் உண்டா?"

நான் விடவில்லை. "டாக்டர், புகை நுரையீரலுக்குத்தானே போகும்? மூத்திரப்பைக்கு எப்படி வரும்? சைலன்சர் வழியாவா?"

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "புகையில இருக்கற விஷம் ரத்தத்துல கலக்குது. ரத்தத்தைச் சிறுநீரகம் வடிகட்டுது. வடிகட்டின விஷம் எங்க வந்து நிக்கும்? பையிலதான். பஸ்ல போறவர், மணிக்கணக்கா அடக்கி வெச்சா, அது அங்கயே ஊறிக்கிட்டு நிக்கும்" என்றாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறார்கள் சார். நாம் பேச முடியாது. அவனைக் கேட்டாள், "யாரு பழக்கிவிட்டது?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. போர்வையைப் பார்த்துக்கொண்டு, "நானாத்தான் டாக்டர்" என்றான்.

கேட்டீர்களா? நானாத்தான். அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். அதற்கப்புறமும் கோகிலா என்னை அப்படி முறைத்தால் என்ன அர்த்தம்? நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தை அந்தக் கிழவரிடம் கொடுத்துவிட்டது. என் கண் முன்னாலேயே.

மறுநாள் குழாய் விட்டார்கள். மயக்க மருந்து கொடுத்து அதே வழியாகச் சுரண்டி எடுத்தும்விட்டார்கள். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுதான். ஆனால் மேலாக இருக்கிறதாம், சதைக்குள் இறங்கவில்லையாம். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது என்றாளாம். பை முழுவதையும் எடுக்க வேண்டி வந்திருக்கலாமாம். எடுத்தாலும் திரும்ப முளைக்கிற ஜாதியாம் அது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் கேமராவை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் ஆபத்து என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நியாயமாகச் சொல்லுங்கள். நான் அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லாவிட்டால் அந்தப் பெண் அவனைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்குமா? போயிருக்காது. வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டு இங்கேயே கிடந்திருப்பான். அப்படியானால் அவனைக் காப்பாற்றியது யார்? டாக்டரா, நானா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'அண்ணே, உங்களாலதான்' என்று சொன்னானா? சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டான். ஏதோ உரக்கடையில் இருக்கிறானாம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, பயணிகள் முன்னால் பேச வேண்டியதை மட்டும் பேசு என்கிறார். பின் கண்டக்டர் என்னோடு டீ குடிக்க வருவதில்லை. தனியாகப் போய்க் குடிக்கிறான், பெரிய கலெக்டர்.

அதுகூடப் பரவாயில்லை. திருச்சிக்குப் பரிசோதனைக்குப் போகிற அன்றைக்கு அவன் எந்த வண்டியில் போகிறான் தெரியுமா? பின்னால் வருகிறவன் வண்டியில். எவனை மறிக்க வேண்டும் என்று எட்டு வருஷம் நான் சொல்லிக்கொடுத்தேனோ, அவன் வண்டியில். ஆலடி விலக்கில் புருஷனும் பெண்டாட்டியும் நிற்பார்கள். நான் நிறுத்துவேன். என் வண்டியில் ஏற வேண்டியவன் ஏறாமல் நிற்பான். போன தடவையும் அப்படித்தான். அந்தப் பெண் செல்போனைப் பார்க்கும், அவன் வானத்தைப் பார்ப்பான். ஜனங்கள் எல்லாம் என்னைப் பார்ப்பார்கள்.

நான் ஏன் நிறுத்துகிறேனா? ஸ்டாப் சார் அது. ஸ்டாப்பில் நிறுத்த வேண்டாமா?

அதோ. அந்தப் புளியமரத்துக்குக் கீழே, நீலச் சட்டை. பார்த்தீர்களா? இன்றைக்குத்தான் அவனுக்கு முறை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தெரியும். எப்படி இளைத்துவிட்டான் பாருங்கள். உரக்கடைக்காரன் சோறு போடுகிறானோ இல்லையோ. இருங்கள், ஓரம் கட்டுகிறேன்.

"ஏய், ஏறுடா. எடம் இருக்கு. ஏம்மா, நீயும் ஏறு."

பாருங்கள், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன நெஞ்சழுத்தம். பின்னால் விசில் அடிக்கிறானே, அடிக்கட்டும். என் வண்டி, நான் எடுக்கும்போதுதான் போகும்.

வருகிறான் சார். இங்கேதான் வருகிறான். படியில் கால் வைக்கிறான் பாருங்கள். கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், அவன் இந்தப் பெட்டி மேலே உட்காரட்டும், அவனுக்கு இந்த இடம்தான்...

என்னது?

கேட்டீர்களா சார், என்ன சொல்லிவிட்டு இறங்குகிறான் என்று? கேட்டீர்கள் அல்லவா? 'அண்ணே, நாங்க அடுத்த வண்டியில வர்றோம். நீங்களும் ஒரு தடவை வந்து பாத்துருங்கண்ணே. டாக்டர்கிட்ட உங்க பேரைச் சொல்லி வெச்சிருக்கேன்.' அவ்வளவுதான். ஏறவில்லை. சொல்லிவிட்டு, பெண்டாட்டி பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

சாபம் சார் இது. நல்ல உடம்போடு ஓட்டிக்கொண்டிருக்கிறவனைப் பார்த்து, நடு ரோட்டில், ஐம்பது பேர் முன்னால், நீயும் வந்து பார் என்கிறான். அன்றைக்கு நான் சொன்னதற்குப் பழி வாங்குகிறான். நன்றி கெட்ட பயல். எட்டு வருஷம் இதற்குத்தான் சோறு போட்டேனா?

எடுக்கிறேன்ப்பா, எடுக்கிறேன். காது கிழிய விசில் அடிக்கிறான்.

ஆனால் சார்... கொஞ்சம் இப்படிக் கிட்டே வாருங்கள். அவனுக்கு எப்படித் தெரிந்தது? அவன் போனதற்கு அப்புறம்தானே எனக்கும் அந்தக் கலர் வந்தது? இப்போதெல்லாம் நான் அந்தச் சுவர் ஓரம் தனியாகத்தானே போகிறேன்? நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லையே. வீட்டில்கூடச் சொல்லவில்லையே.

நீங்களும் சொல்லிவிடாதீர்கள். திருச்சியில் இறங்கியதும் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போங்கள். ஒரு பேச்சு ஒருவன் வாயிலிருந்து கிளம்பிவிட்டால் இந்த ஊரில் அதை எப்படி ஆக்கிவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.